கிணற்றுக்குள் தலைவர், ஏணிக்கு யார் கையெழுத்து?

வெள்ளந்திபட்டி ஆபத்துதவி நிலையத்துக்கு நேர் எதிரே என் பேக்கரி இருக்கிறது. பதினோரு வருஷமாக அவர்களுக்கு டீயும் பப்ஸும் கொடுத்து வருகிறேன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நடந்தது நடந்ததுதான்.

சுற்றியுள்ள ஐந்து ஊர்களும் ஒன்றாகக் கூடி, ஒரு வாரியம் வைத்து, வீட்டுக்கு வீடு வரி போட்டு ஆரம்பித்த நிலையம் அது. தீப்பிடித்தாலும், ஆள் விழுந்தாலும், மாடு விழுந்தாலும் ஓடி வர ஒரு சிவப்பு வேன், ஒரு தண்ணீர் மோட்டார், மூன்று ஊழியர்கள். நிலைய அதிகாரி சென்னிமலை, எழுத்தர் திருமூர்த்தி, டிரைவர் மாரப்பன். மூன்று பேருமே தங்கமானவர்கள். சொன்ன சொல்லை அப்படியே செய்வார்கள். எனக்கு அவர்களைப் பற்றி இருந்த ஒரே பயமும் அதுதான்.

முதல் வருஷம் பக்கத்து ஊரில் ஒரு வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து வாரியத் தலைவர் ராக்கியண்ணன் ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போயிருந்தார். போனில் மாரப்பனிடம், "செலவப் பத்தி யோசிக்காத மாரப்பா. பாவம், அந்த மனுசனுக்கு நட்டம் வராமப் பாத்துக்க" என்றார்.

மாரப்பன் போய்ப் போரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு அதன் சொந்தக்காரரைத் தனியாக அழைத்துப் போய், எரிந்துகொண்டிருந்த வைக்கோல் போரை அப்படியே பதினெட்டாயிரம் ரூபாய்க்கு நிலையத்தின் பேரில் விலைக்கு வாங்கிவிட்டார். "இனி அவருக்கு ஒரு காசு நட்டமில்லீங்க தலைவரே. எரியறது பூராவும் நம்முளுது" என்று போனில் சொன்னபோது அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ராக்கியண்ணன் திரும்பி வந்து ஒன்பது நாள் உட்கார்ந்து செலவுச் சட்டம் எழுதினார். ஊழியர் ஒருவர் தன் பொறுப்பில் ஐநூறு ரூபாய் வரை செலவு செய்யலாம். அதற்கு மேல் போனால், வாங்குவதற்கு முன்பே தலைவர் கையெழுத்து வேண்டும். தலைவர் ஊரில் இல்லாத சமயத்தில் மட்டும் துணைத் தலைவர் போடலாம். ஒரு பொருளை எந்த வேலைக்கென்று எழுதி வாங்கினார்களோ, அந்த வேலைக்கு மட்டும்தான் அதை எடுக்க வேண்டும். எவரும் தனக்கு நன்மை வருகிற செலவுக்குத் தானே கையெழுத்துப் போடக் கூடாது. வேறு ஊராக இருந்தால் இது நல்ல சட்டம்தான்.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக்கியண்ணனின் தங்கை மயிலாத்தாளின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மயிலாத்தாளுக்கு உடன்பிறந்தவர் இந்த ஒரே அண்ணன்தான். நல்ல நேரம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. தாய்மாமன் வராமல் போனால் புருஷன் வீட்டுப் பக்கம் யாராவது ஒருத்தர் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

ராக்கியண்ணன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஒன்பதரை மணிக்கே கிளம்பினார். குறுக்கு வழி என்று துணைத் தலைவர் நாச்சிமுத்துவின் தென்னந்தோப்பு வழியாக நடந்தார். அங்கே தண்ணீர் வற்றி, படிக்கட்டு இடிந்து போன ஒரு பெரிய கிணறு இருக்கிறது. தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். ஊறவில்லை. அதை அவர் அடிவரைக்கும் போய்த் தெரிந்துகொண்டார். நல்ல வேளையாகக் கிணற்றுக்குள் தேங்காய் நார்க்கழிவு மெத்தை போலக் கொட்டிக் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பட்டு வேட்டி மட்டும் மரத்தூள் நிறத்துக்கு மாறிவிட்டது.

கிணற்றுக்குள்ளிருந்தே நிலையத்துக்குப் போன் போட்டார். திருமூர்த்தி எடுத்தார்.

"ஒரு ஆளு கெணத்துக்குள்ள விழுந்துட்டாருங்க," என்றார் ராக்கியண்ணன், முறைப்படி.

"விழுந்தவரு பேருங்க?"

"ராக்கியண்ணன்."

"எங்க தலைவரு பேரும் அதேதானுங்க," என்று திருமூர்த்தி எழுதிக்கொண்டார். "விழுந்தத நேர்ல பாத்தது யாருங்க?"

"நாந்தான்."

வேன் கிளம்பியது. கல்லாவை என் சம்சாரத்திடம் விட்டுவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். இதையெல்லாம் நேரில் பார்க்காவிட்டால் மனசு ஆறாது.

வேனில் தடிமனான கயிறு ஒன்று இருந்தது. மாரப்பன் அதை எடுத்துக் கிணற்று மேட்டில் போட்டார். திருமூர்த்தி கயிற்றில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் படித்தார். "குழியில் விழுந்த மாடு தூக்க" என்று எழுதியிருந்தது. மூன்று பேரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"தலைவரு மாடு இல்லீங்களே," என்றார் சென்னிமலை.

"மாட்டுக் கயித்துல மனுசனத் தூக்குனா சட்டப்படி குத்தமுங்க," என்றார் திருமூர்த்தி. "ஏனுங்க தலைவரே, என்னுங்க பண்றது?"

"திருமூர்த்தி சொல்றது சரிதான்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நான் எழுதுன சட்டத்த நானே மீறினா நாளைக்கு யாரு மதிப்பாங்க?"

மாரப்பன் தலையைச் சொறிந்தார். "தலைவரு கையையும் ஊனி நின்னா நாலு காலு ஆயிருமுங்களே."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ராக்கியண்ணன் நார்க்கழிவில் கைகளை ஊன்றி நின்று காட்டினார். திருமூர்த்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வாலு இல்லீங்களே," என்றார் கடைசியில்.

ராக்கியண்ணன் எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டார். மாட்டுக் கயிறு வேனுக்குத் திரும்பிப் போனது.

"ஒரு ஏணி வாங்கியாந்துரலாமுங்க," என்றார் சென்னிமலை. ஊரில் ஒரே ஒரு ஹார்டுவேர் கடை. அங்கே போனில் கேட்டதற்கு, பதினெட்டுப் படி ஏணி நாலாயிரத்து ஐநூறு ரூபாய் என்றார்கள். சென்னிமலையின் பொறுப்பில் ஐநூறுதான் செலவு செய்ய முடியும். ஐநூறுக்கு எவ்வளவு ஏணி வரும் என்று மூன்று பேரும் கணக்குப் போட்டார்கள். இரண்டு படி வந்தது.

"இன்னைக்கு ரெண்டு படி வாங்குவமுங்க. தலைவரு அதுல ஏறி நின்னுக்கட்டும். நாளைக்கு ரெண்டு படி," என்றார் மாரப்பன்.

"எத்தன நாளு ஆகும்?" என்று கீழேயிருந்து கேட்டார் ராக்கியண்ணன்.

"ஒம்போது நாளுங்க. கடைசி நாளு நேரா மேட்டுலயே வந்து எறங்கிக்கலாம்."

"காதுகுத்து இன்னைக்குடா," என்றார் ராக்கியண்ணன். குழந்தைக்குக் கம்மல் வாங்க அவர் நாலு கடை ஏறி இறங்கியது எனக்குத் தெரியும். எனக்கே கஷ்டமாக இருந்தது.

திருமூர்த்தி ஒரு வழி சொன்னார். நாலாயிரத்து ஐநூறுக்கு மனு எழுதித் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் ஏணியை முழுசாகவே வாங்கலாம். தலைவர் தூரத்தில் இல்லை, கீழேதான் இருக்கிறார். எழுதி முடித்ததும் காகிதத்தை எப்படி இறக்குவது என்று யோசித்தார்கள். கேக் டப்பா கட்டுகிற நூல்கண்டு என் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும். அதை நான் இலவசமாகக் கொடுத்ததால் யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. மனுவும் பேனாவும் நூலில் ஆடிக்கொண்டே இறங்கின.

ராக்கியண்ணன் நின்றபடி முழுசையும் படித்தார். பேனாவைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போடக் கூடாது," என்றார். "ஏணி வந்தா நான் மேல வருவேன். மேல வர்றது எனக்கு நன்மை."

"மேல வந்தா நேரங்கழிச்சு வந்ததுக்கு மயிலாத்தாக்கா வைவாங்களே," என்று சென்னிமலை நைச்சியமாக எடுத்துக் கொடுத்தார். "வசவு வாங்கறது நன்மையில சேராதுங்களே."

ராக்கியண்ணன் நேர்மையான மனிதர். நன்றாக யோசித்தார். "வைவாதான். ஆனா வடை பாயாசத்தோட பந்தி இருக்குது. மருமகப் புள்ளைய மடியில வெச்சுக்கலாம். கூட்டிக் கழிச்சுப் பாத்தா நன்மைதான் மிஞ்சுது."

மனு நூலில் ஏறி மேலே வந்துவிட்டது.

இந்தச் சத்தத்தைக் கேட்டு, தோப்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த துணைத் தலைவர் நாச்சிமுத்து மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார். திருமூர்த்தி மனுவை அவரிடம் நீட்டினார். நாச்சிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"தலைவரு ஊர்ல இல்லாதப்பத்தானுங்க நான் போடோணும். அவரு எங்க?"

"கெணத்துக்குள்ளீங்க."

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். "ஊர்லதான் இருக்கறாரே," என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"எட்டிப் பாக்காமயே போட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்காதுங்க," என்றார் மாரப்பன் வருத்தமாக.

"இப்பப் பாத்துட்டேனே. ஏனுங்க மாமா, சௌக்கியமுங்களா?"

"சௌக்கியம் மாப்ளே. நீ பண்றது ரொம்பச் சரி," என்றார் ராக்கியண்ணன். "நான் வெளியூரு போனாத்தான் நீ போட முடியும்."

தலைவர் எப்படி வெளியூர் போவது என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மயிலாத்தாள் வந்துவிட்டாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் பின்னால் காதுகுத்துக்குப் பந்தல் போட்டவர் தன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஏணியை வாங்கிக் கிணற்றுக்குள் இறக்கினாள். சரியாகத் தரை தட்டி நின்றது.

"அக்கா, அந்த ஏணியில மீட்கறதுக்கு உத்தரவு இல்லீங்க," என்றார் திருமூர்த்தி.

மயிலாத்தாள் அவரைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

அப்போதுதான் ராக்கியண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. "இது மீட்பு இல்ல திருமூர்த்தி. நான் சொந்த வேலையா வெளியூரு கெளம்பறேன். வெளியூரு போறவன் எந்த ஏணியில வேணும்னாலும் ஏறலாம்."

என்ன மூளை என்று எல்லோரும் வியந்தார்கள். ராக்கியண்ணன் அரை நிமிஷத்தில் மேலே வந்துவிட்டார். மயிலாத்தாள் அண்ணன் தலையிலிருந்த நாரைத் தட்டிவிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"வா அண்ணா, மணி பத்தே முக்காலு ஆச்சு."

"இரு அம்மிணி, வெளியூரு போயிட்டு வந்தர்றேன்."

"எதுக்கு?"

"நாச்சிமுத்து கையெழுத்துப் போடோணுமில்ல."

"எதுக்குக் கையெழுத்து?"

"ஏணி வாங்க."

"ஏணி எதுக்கு?"

"என்னைய மேல கொண்டு வர்றதுக்கு," என்று வேனில் ஏறிவிட்டார் ராக்கியண்ணன்.

மாரப்பன் அவரை ஊர் எல்லைக்கு ஓட்டிப் போனார். அங்கே ஒரு பலகை இருக்கிறது. இந்தப் பக்கம் 'வருக வருக', அந்தப் பக்கம் 'நன்றி'. ராக்கியண்ணன் பலகையைத் தாண்டிப் போய் நின்று நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டார். "மாப்ளே, நான் ஊர்ல இல்ல, போடு" என்றார். நாச்சிமுத்து ஒருதரம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, தலைவர் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்து தலைவரைத் தோப்பில் இறக்கிவிட்டு, மாரப்பன் உத்தரவோடு ஹார்டுவேர் கடைக்குப் பறந்தார். மணி பதினொன்று இருபது. மயிலாத்தாள் மறுபடியும் அண்ணன் கையைப் பிடித்தாள். ராக்கியண்ணனோ உத்தரவின் நகலை முகம் சுளித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"கிணற்றுக்குள் இருக்கும் தலைவரை மேலே கொண்டுவர ஏணி ஒன்று. இப்படித்தானே எழுதியிருக்குது?"

"ஆமாங்க," என்றார் திருமூர்த்தி.

"நான் மேல நின்னுட்டிருக்கறேனே. அப்ப அது வீண் செலவு ஆயிராதா?"

திருமூர்த்திக்கு வியர்த்துவிட்டது. ஊர்ப் பணத்தில் ஒரு ரூபாய் வீணாகப் போவதைச் சகிக்காதவர் ராக்கியண்ணன். பந்தல்காரரின் ஏணியிலேயே அவர் விறுவிறுவென்று மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கி, முன்பு நின்ற இடத்தை அடையாளம் பார்த்து அதே இடத்தில் நின்றுகொண்டார்.

மயிலாத்தாள் அப்படியே கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்," என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். "அதுவும் கெணத்துக்குள்ள இருக்குது."

"அழாத அம்மிணி. ஏணி வந்ததும் வந்தர்றேன்," என்று உள்ளேயிருந்து தேறுதல் சொன்னார் ராக்கியண்ணன்.

மயிலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து நின்றபோது அவள் வேறு ஆளாக இருந்தாள்.

"புள்ளையக் கொண்டு வாங்க," என்றாள். "ஆசாரியக் கூப்புடுங்க. மாமன் மடி எங்க இருக்குதோ அங்கதான் காதுகுத்து."

அப்புறம் நடந்ததைப் போல ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. முதலில் மயிலாத்தாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே அவள் புருஷன், அப்புறம் ஆசாரி ஊசிப் பெட்டியோடு, நாதஸ்வரக்காரர், போட்டோக்காரர், பெரியப்பா, சித்தி, நாத்தனார், கொழுந்தனார் என்று வரிசையாக இறங்கினார்கள். தன் கிணற்றில் ஒரு விசேஷம் நடக்கும்போது மேலே நிற்பது மரியாதை இல்லை என்று நாச்சிமுத்துவும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினார். ராக்கியண்ணனைச் சேர்க்காமல் இருபத்திரண்டு பேர். தென்னந்தோப்புக் கிணறு என்பதால் தாராளமாக இடம் இருந்தது.

ராக்கியண்ணன் நார்க்கழிவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தை நிகிதாஸ்ரீயை மடியில் வைத்தார்கள். வாயில் சர்க்கரையைத் திணித்துவிட்டு ஆசாரி ஒரு காதைக் குத்தினார். குழந்தை போட்ட சத்தம் கிணற்றுச் சுவரில் நாலு தரம் மோதி மேலே வந்தது. இரண்டாவது காதுக்கு மாமனும் கூடச் சேர்ந்து அழுதார். கம்மலை மாட்டியபோது மணி பதினொன்று ஐம்பது. நாதஸ்வரம் முழங்கியது. மேலே நின்ற எனக்கும் கண் கலங்கியதை ஏன் மறைக்க வேண்டும்.

இந்தச் சந்தோஷத்தில் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. பந்தல்காரருக்குப் பிற்பகலில் வேறு ஊரில் ஒரு வேலை இருந்தது. ஏணியை எட்டிப் பார்த்தார். யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எல்லோரும் இறங்கியாகிவிட்டது, இனி ஏணி சும்மாதான் நிற்கிறது என்று அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டேகாலுக்கு மாரப்பன் புது ஏணியோடு வந்தார். சென்னிமலை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ஏணி இறங்கியது, தலைவர் ஏறினார். திருமூர்த்தி பதிவேட்டில் 'மீட்கப்பட்டார்' என்று எழுதித் தலைவரிடமே கையெழுத்து வாங்கினார். கிணற்றுக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்து மயிலாத்தாள் குழந்தையோடு முதல் படியில் கால் வைத்தாள்.

"அக்கா, எறங்கீருங்க," என்றார் திருமூர்த்தி. "இந்த ஏணி தலைவர மேல கொண்டு வர்றதுக்கு மட்டுந்தானுங்க. எழுதி வாங்கியிருக்குது."

"அப்ப எங்களுக்கு?"

"தனி மனுங்க. தலைவரு இப்ப மேலதான் இருக்கறாரு, கையெழுத்துப் போட்டுருவாரு."

ராக்கியண்ணன் தலையை ஆட்டினார். "எப்படிப் போடறது? கீழ இருக்கறது என்ற தங்கச்சி, என்ற மருமக. அவங்க வந்தா எனக்கு நன்மை. நாச்சிமுத்துதான் போடோணும். நான் வேணும்னா வெளியூரு போறேன்."

"நான் இங்க இருக்கறேனுங்க மாமா," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் நாச்சிமுத்து. "நான் போட்டா அந்த ஏணியில நானும் வருவேன். அதுவும் சொந்த நன்மைதானுங்களே."

தலைவர், துணைத் தலைவர் இருவருமே கையெழுத்துப் போட முடியாத நிலைமை. பந்தியில் சோறு ஆறுகிறது, எப்போது வருவீர்கள் என்று சமையல்காரர் ஆள் அனுப்பினார்.

மயிலாத்தாள்தான் பேசினாள். அவளுக்குக் கோபம் எல்லாம் தீர்ந்துபோய், இவர்களோடு இவர்கள் வழியிலேயே போய்விடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

"அண்ணா, நீ விழறப்ப கையில ஒரு பையி இருந்திருந்தா, அந்தப் பையி மேல வர்றதுக்குத் தனி மனு வேணுமா?"

"கையில இருக்கற சாமானுக்கு எதுக்கு அம்மிணி மனு? அது என்ற கூடவே வரும்."

"அப்ப எறங்கி வா. ஒவ்வொருத்தராக் கையில புடிச்சு ஏறு. நாங்கெல்லாம் உன்ற சாமானு."

திருமூர்த்தி சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். தலைவர் என்ன சாமான் வைத்திருக்கலாம் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் ஏணி ஒரு தடவைக்கு ஒரு ஆளும் ஒரு சாமானும்தான் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ராக்கியண்ணன் இறங்கினார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். திருமூர்த்தி எழுதினார்: 'தலைவர் கிணற்றுக்குள் இருந்தார். மீட்கப்பட்டார். உடன் சாமான்: மருமகள் ஒன்று, புதியது.' கையெழுத்து. மறுபடியும் இறங்கினார். 'உடன் சாமான்: தங்கை ஒன்று.' கையெழுத்து. நாதஸ்வரக்காரர் வந்தபோது சாமான் ஒன்றா இரண்டா என்று தகராறு வந்தது. நாதஸ்வரத்தைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்லி, அப்புறம் மனசு கேட்காமல் ஊதிக்கொண்டே ஏறினால் ஒன்று என்று முடிவானது. அவர் ஊதிக்கொண்டே ஏறினார். ஆசாரி, போட்டோக்காரர், சித்தி என்று ஒவ்வொருவராக வந்து, கடைசியில் 'துணைத் தலைவர் ஒன்று, சற்றுப் பழையது' மேலே வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. ராக்கியண்ணனுக்கு மூச்சு வாங்கினாலும் முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரே நாளில் இத்தனை மீட்பு எந்த ஊர் நிலையத்திலும் நடந்திருக்காது என்றார்.

எல்லோரும் பந்தியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். மயிலாத்தாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். நான் வேன் பக்கம் நின்று பதிவேட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். திருமூர்த்தி கூட்டிப் பார்த்து, மீட்பு இருபத்து மூன்று என்று கீழே கோடு போட்டார். வேலை முடிந்த பொருளை உடனே நிலையத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று சொன்னார். சென்னிமலையும் மாரப்பனும் ஏணியை இழுத்து வேன் மேல் கட்டினார்கள்.

மாரப்பன் சாவியைத் திருகப் போகும்போது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சென்னிமல, ஏணிய எங்கடா காணோம்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாருங்க அது?" என்றார் சென்னிமலை.

"நாந்தான், தலைவரு. செருப்ப உள்ளயே விட்டுட்டேன்னு எடுக்க வந்தேன்."

திருமூர்த்தி பதிவேட்டை விரித்து, விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். "அது எப்படீங்க? தலைவர இருவத்து மூணு தடவ மேல கொண்டாந்தாச்சு. ஒவ்வொண்ணுக்கும் அவரே கையெழுத்துப் போட்டிருக்கறாரு. இனியும் ஒரு தலைவரு கீழ இருக்க வழியே இல்லீங்களே."

சென்னிமலை இரக்கமுள்ள மனிதர். குரலில் இருந்த களைப்பைக் கேட்டு அவருக்குப் பாவமாகப் போயிற்று. கிணற்று மேட்டில் மண்டியிட்டு, கையைக் குவித்து, மரியாதையாக உள்ளே கேட்டார்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. அந்த இருவத்து மூணு பேர்ல நீங்க எத்தனாவது தலைவருங்க? நெம்பரச் சொன்னீங்கன்னா, அந்த வரிய அடிச்சுட்டு உங்கள மேல கொண்டாந்தர்றமுங்க."

ராக்கியண்ணன் எதையும் நிச்சயமில்லாமல் சொல்லிவிடுகிற ஆள் அல்ல.

"இருங்க," என்றார். "எண்ணிப் பாத்துச் சொல்றேன்."